பழுதென்று நான் அடைத்த ஐந்து துளைகள்

தம்பிகளே,

கோயில் சிலைகளுக்கு வர்ணம் அடிக்கப் புதிதாகச் சாரம் ஏற வந்திருக்கும் உங்களிடம் நான் ஏதாவது பேச வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். நாலு பேர் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன் எழுதியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்த வயதில் ஓய்வு என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றுகிறது. அண்ணாந்து பார்க்க முடியாதவனுக்குக் கோபுரத்தில் என்ன வேலை? இறங்கிவிட்டேன்.

சுதை பிசைவது, பட்டி வைப்பது, வர்ணம் கலப்பது எல்லாம் உங்கள் கைக்குத் தானாக வந்துவிடும். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. சந்தேகத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இந்தத் தொழிலில் என்னை முப்பது வருடம் காப்பாற்றியதும் அதுதான், ஒருமுறை குப்புறத் தள்ளியதும் அதுதான்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் பள்ளிப்பட்டுப் பக்கம் ஓர் அம்மன் கோயிலில் வர்ணம் அடித்தோம். வாசலில் நிற்கும் காவல் பொம்மை ஒன்றுக்கு இடது கைச் சுண்டு விரல் கிடையாது. எத்தனையோ வருடமாகக் கிடையாது. சாரத்தைப் பிரித்த அன்று கீழே நின்ற ஒருவர் கையை நீட்டி, "வெரல் எங்கடா?" என்றார். அவ்வளவுதான். அதுவரை ஒருவர் கண்ணிலும் படாத விரல் அன்றைக்கு ஊருக்கே ஞாபகம் வந்துவிட்டது. உடைத்தது நாங்கள்தான் என்றார்கள். என் குருநாதர் கையைக் கட்டிக்கொண்டு அவர்கள் முன்னால் நின்றார். விரல் செய்து ஒட்டிவிட்டுத்தான் ஊரை விட்டுக் கிளம்பினோம்.

பஸ்ஸில் திருத்தணி வந்து இறங்கிய பிறகு குருநாதர் சொன்னார்: "நைனா, இனிமே பழைய செலையத் தொடறதுக்கு முன்னால ஒடம்பு பூரா தடவிப் பாரு. எது ஒடஞ்சிகீது, எது ஒடையலன்னு ஊர்க்காரங்கள நிக்க வெச்சி காட்டு. ஒருத்தனையும் நம்பாத. என்னையும் சேத்துதான்."

அவர் சொல்லித் தந்த இன்னொன்று, பின்னப்பட்ட உருவம் பூசைக்கு ஆகாது என்பது. விரிசலோ ஓட்டையோ உள்ள சாமியை ஊருக்குக் கும்பிடக் கொடுத்துவிட்டு வரக்கூடாது. அது வேலை செய்தவனுக்கும் நல்லதில்லை, ஊருக்கும் நல்லதில்லை. இந்த இரண்டையும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சுபாவத்திலேயே நான் சந்தேகப் பிராணி. 'மெதுவா செய்யுங்க, அவசரமில்ல' என்பவரைக் கண்டால் இவர் எதையோ மறைக்கிறார் என்று நினைப்பேன். முதல் நாளே டீயும் வடையும் வாங்கித் தந்தால் சிலையில் பெரிய விரிசல் இருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொள்வேன். பத்துக்கு ஏழு தடவை சரியாகவும் இருக்கும்.

சரியாக இல்லாத ஒரு தடவையைச் சொல்கிறேன்.

கே.ஜி.கண்டிகையிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில் சின்ன மாதாகோயில் இருக்கிறது. கொரோனாவெல்லாம் அடங்கிய பிறகு வந்த தவக்காலத்தில் அங்கிருந்து கூப்பிட்டார்கள். சிலையை அவர்கள் சுரூபம் என்பார்கள். உயிர்த்த ஆண்டவர் சுரூபம் ஒன்றுக்கு வர்ணம் போக வேண்டும், ஈஸ்டருக்குள் முடிக்க வேண்டும். சிலுவையில் தொங்கும் இயேசுவுக்கு நான் முன்பே நாலைந்து இடங்களில் வர்ணம் அடித்திருக்கிறேன். முள்முடி, ரத்தம், ஆணி எல்லாம் எனக்குத் தெரியும். இது வேறு. செத்து மூன்றாம் நாள் எழுந்து நிற்கும் உருவம். வெள்ளை அங்கி, ஒரு தோள் திறந்திருக்கும், வலது கை தூக்கி ஆசீர்வதிக்கும், முகத்தில் லேசான சிரிப்பு. வெள்ளைக்காரச் சாமியார்கள் காலத்து மரவேலை. என் நெஞ்சு உயரம் இருக்கும்.

அதைப் பார்த்துக்கொண்டவர் சவரிமுத்து. கோயில் சாவி அவரிடம்தான். மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பெருக்குவது எல்லாம் அவர்தான். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் மனைவியோடு குடியிருந்தார். அறுபது வயது இருக்கும். முன்பு பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டியவர். தறியில் வலது கையின் நடு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் கோயில் வேலைக்கு வந்தார்.

முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. நான் சுரூபத்தை வைத்திருந்த பக்கத்து அறைக்குள் நுழைந்ததும் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கு வேற வேல இல்லீங்களா?" என்றேன்.

"இதான் வேல. நீ செய், நான் பாக்கறேன்."

"எதுக்குப் பாக்கணும்?"

"எதுக்குப் பாக்கக் கூடாது?"

இப்படித்தான் ஆரம்பமானது. நான் தண்ணீர் குடிக்கப் போனாலும் அவர் கண் என் பின்னாலேயே வந்தது. அவர் என்னைச் சந்தேகப்பட்டார், நான் அவரைச் சந்தேகப்பட்டேன். அந்தச் சின்ன அறையில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஆண்டவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

பழைய வர்ணத்தைத் தேய்க்கும்போதுதான் துளைகளைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொன்று, இரண்டு பாதத்திலும் ஒவ்வொன்று. அங்கி விலகியிருக்கும் வலது விலாவில் ஒன்று. விலாவில் இருந்தது கொஞ்சம் பெரிது, கட்டை விரல் நுழையும். ஆணி அடித்த இடமாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் சுற்றிலும் சிவப்பு என்று ஒரு பொட்டுகூட இல்லை. அதோடு, இவர் எழுந்துவிட்டவர். சாவையே தள்ளிவிட்டு எழுந்த சாமிக்கு உடம்பில் ஓட்டை எதற்கு? நம் பக்கத்துச் சாமிகளுக்கு வியர்க்காது, கண் இமைக்காது, கால் தரையில் படாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். ஆறாத காயத்தோடு ஒரு சாமி இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

அப்போது என் சந்தேகம் வேறு பக்கம் ஓடியது. பழைய சிலைகளுக்குள் ஏதாவது வைத்திருப்பார்கள் என்று நம்பித் துளை போட்டுப் பார்க்கும் ஆட்கள் உண்டு. யாரோ இதைத் துளைத்திருக்கிறார்கள். சாவி யாரிடம் இருக்கிறது? இந்த ஆளிடம். இவர் ஏன் என்னை விட்டு நகரவே மாட்டேன் என்கிறார்? இதற்காகத்தான்.

இரண்டாம் நாள் மதியம் என் சந்தேகம் உறுதியானது. சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் திரும்பி வந்தேன். சவரிமுத்து சுரூபத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய சுட்டு விரல் விலாவின் துளைக்குள் இருந்தது. என் காலடி கேட்டதும் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இன்னா, அதுக்குள்ள வந்துட்ட?" என்றார்.

"சாப்பாடு கொஞ்சம்தான்."

"ஆங்... சரி சரி." வெளியே போய்விட்டார்.

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒரே ஒரு காரியம். "அண்ணே, இந்த ஓட்டை இன்னா?" என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டே வார்த்தையில் பதில் வந்திருக்கும். நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், கூட்டம் கூடும், எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். கேட்காமல் விட்டால் நாளைக்கு வேறு யாராவது துளையைப் பார்த்துவிட்டு 'பெயின்டர்தான் துளைத்தான்' என்பார்கள். பள்ளிப்பட்டுச் சுண்டு விரல் எனக்கு மறக்கவில்லை. குருநாதர் தடவிப் பார் என்றார், ஊர்க்காரர்களை நிற்க வைத்துக் காட்டு என்றார். நான் கண்ணால் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன், யாருக்கும் காட்டவும் இல்லை. நம்பாதே என்று அவர் சொன்னது மட்டும் என் காதில் நன்றாக ஏறியிருந்தது.

அன்றைக்கே பெரிய வியாழன். சாயங்காலம் பாதம் கழுவும் சடங்குக்குப் பாய் விரிக்கவும் தண்ணீர் எடுக்கவும் சவரிமுத்து போனார். அந்த ஒரு மணி நேரத்தில் மரத்தூளும் பசையும் குழைத்து ஐந்து துளைகளையும் அடைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. எல்லாரும் சிலுவைப்பாதைக்குப் போய்விட்டார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே இரண்டு பூச்சு கொடுத்தேன். துளை இருந்த இடமே தெரியவில்லை. இத்தனை சுத்தமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. ஈரம் காய வேண்டும், தூசு படக்கூடாது என்று சொல்லித் துணி போட்டு மூடிவிட்டேன். சவரிமுத்து நம்பாமல் துணியைப் பார்த்தார். ஆனால் ஈர வர்ணத்தைத் தொட்டுவிட்டுப் பேச்சு வாங்க அவருக்கும் விருப்பமில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபாதர் வந்தார். நாலைந்து கிராமத்துக்கு அவர் ஒருவர்தான், பைக்கில் சுற்றுகிறவர், சின்ன வயது. கூடவே கோயில் கமிட்டித் தலைவர் வந்தார். தறி வைத்திருப்பவர், குரல் முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். இன்னும் பத்துப் பதினைந்து பேர் வாசலில் நின்றார்கள்.

துணியை எடுத்தேன்.

"அருமை, அருமை," என்றார் ஃபாதர். நானும் தரையைப் பார்த்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன்.

தலைவர் கிட்டே வந்து விலாவைத் தடவினார். மறுபடி தடவினார். "காயம் எங்க?" என்றார்.

அவர் குனிந்து பாதத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "அஞ்சு காயமும் எங்க?"

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஈஸ்டர் விடிகாலைப் பூசை முடிந்ததும் ஊரில் அத்தனை பேரும் வரிசையில் வந்து ஆண்டவரின் விலாவில் விரல் வைத்துவிட்டுப் போவது அந்தக் கோயிலின் வழக்கமாம். தாத்தா, பாட்டன் காலத்திலிருந்து நடக்கிறதாம். கைக்குழந்தையைக்கூடத் தூக்கிப் பிடித்து விரலை வைப்பார்களாம். வாசலில் நின்ற ஓர் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொன்னதிலிருந்துதான் இவ்வளவும் தெரிந்துகொண்டேன். அப்படியென்றால் நேற்று முன்தினம் சவரிமுத்து விரல் வைத்தது?

தலைவர் என் பக்கம் திரும்பவேயில்லை. சவரிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"உன் வேலதானே இது?"

"இன்னாங்க சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினியா? ரோட்டு மேல நடக்குதே ஜெபக்கூட்டம், அங்க நீ போய்க்கினு வந்துகினு இருக்க. அவங்க இன்னா பேசறாங்க? உயிர்த்தவரு முழுக்கக் கடவுளு, மகிமையான ஒடம்பு, அதுல காயமும் கிடையாது தழும்பும் கிடையாது, மரத்துல விரல் வெக்கிறது பாவம்னு பேசறாங்க. அத்தக் கேட்டுகினு வந்து இங்க அடைக்கச் சொல்லியிருக்க!"

"ஒரே ஒரு நாளு போனேன்," என்றார் சவரிமுத்து. "வூட்டுக்காரிக்கு மூச்சு முட்டல். எங்கனா ஒரு எடத்துல ஜெபம் பண்ணா சரியாவுமான்னு போனேன். அவ்ளோதான்."

"சரியாச்சா?"

"இல்ல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவர் கையை நீட்டினார். "சாவியக் குடு. அறையையும் காலி பண்ணு. ஆண்டவர் மனுசனா வந்ததை நம்பாதவனுக்குக் கோயில்ல இன்னா வேல?"

ஃபாதர், "கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க," என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அந்தக் குரலுக்கு முன்னால் அது எடுபடவில்லை. சவரிமுத்து மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். மூன்று விரலால் அதை நீட்டினார். பின்னறையிலிருந்து அவர் மனைவி இருமும் சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாவுக்கு எல்லாமே கேட்டிருக்கும்.

அப்போதுதான் தலைவர் என்னைப் பார்த்தார்.

"பெயின்டரே, நீ சொல்லு. இவன்தானே அடைக்கச் சொன்னான்?"

தம்பிகளே, நான் வாய் திறக்க வேண்டியதுகூட இல்லை. தலையை லேசாக ஆட்டினால் போதும். ஆட்டாமல் சும்மா நின்றால்கூடப் போதும், ஆமாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். என் பெயர் கெடாது. ஒரு சாமியைக் கெடுத்தவன் என்று திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு வரை பேச்சுப் பரவினால் எந்தக் கோயிலிலும் என்னைச் சாரம் ஏற்ற மாட்டார்கள். அதோடு, இந்த ஆள்மேல் எனக்குப் பிரியமும் கிடையாது. மூன்று நாளாக என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தவர்.

சும்மாதான் நின்றேன். சவரிமுத்து என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. கோபமும் இல்லை. இந்த ஆள் என்ன சொல்லப் போகிறான் என்பது தனக்கு முன்பே தெரியும் என்பதுபோல் ஒரு பார்வை. நான் இப்படித்தான் செய்வேன் என்று முதல் நாளே அவர் சந்தேகப்பட்டிருக்கிறார். அது என்னைச் சுட்டது. இவருடைய சந்தேகம் சரியாகிவிடக் கூடாது என்று தோன்றியது. அன்று என்னைப் பேச வைத்தது நல்ல குணம் ஒன்றுமில்லை. அந்த ரோஷம்தான்.

"இல்லீங்க," என்றேன்.

"இன்னாது? சத்தமா சொல்லு."

"யாரும் சொல்லல. நானேதான் அடைச்சேன். அவரு இல்லாத நேரமாப் பாத்து அடைச்சேன்."

"எதுக்கு?"

"பின்னம்னு நெனச்சேன்."

ஃபாதருக்குப் புரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். உடைந்த உருவத்தைக் கும்பிடக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது. ஓட்டையோடு கொடுத்தால் ஊருக்கு ஆகாது என்று பயந்தது. யாரோ துளைத்திருக்கிறார்கள், இவர்தான் அதை மறைக்கிறார் என்று நான் நினைத்தது. அதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் சவரிமுத்து மறுபடி வாயைத் திறந்தார்.

"அடப்பாவி," என்றார். "நானு நீ இன்னாத்தையாவது எடுத்துகினு போயிடுவியோன்னு காவல் உக்காந்துகினு இருந்தேன். நீ என்னிய திருடன்னு நெனச்சிகினு இருந்தியா?"

ஃபாதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு விடிஞ்சா பூச. மொதல்ல காயம் வரட்டும். சாவியப் பத்தி அப்புறம் பேசலாம். இவனாண்டயும் நம்பிக்க இல்ல, உன்னாண்டயும் இல்ல. வேற ஆளக் கூட்டியாரேன்."

"வேற ஆளு எதுக்கு?" என்றார் சவரிமுத்து. "அடைச்ச கையே தெறக்கட்டும். நான் பாத்துக்கறேன்." மறுபடி அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எல்லாரும் போன பிறகு சின்ன உளியை எடுத்தேன். கை, கால் நாலையும் எப்படியோ திறந்துவிட்டேன். விலாவுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. வர்ணம் முடிந்து, கண் எழுதி முடித்த சாமியின் நெஞ்சில் உளி வைப்பதா? எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய தப்பு இல்லை.

"இன்னா யோசன?"

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இவரு சாமியா, மனுசனா? ஒண்ணு சொல்லுங்க. மனுசன்னா வெட்டிடறேன். சாமின்னா எனக்குக் கை வராது."

"ரெண்டும்."

"பாதி பாதியா?"

"பாதியும் இல்ல, காவாசியும் இல்ல. முழுசா சாமி. முழுசா மனுசன்."

"ஒரு கொடத்துல எப்படி ரெண்டு கொடம் தண்ணி புடிக்கும்?"

"என்னிய கேட்டா? ஃபாதருகூட அந்த எடம் வந்தா தண்ணி குடிச்சிட்டுதான் மேல பேசறாரு."

நான் அவரை நம்பாமல் பார்த்தேன். என்னை வேலை செய்ய வைக்க ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"கூட இருந்த சீடருங்களே நம்பல தெரியுமா? ஒருத்தரு, விரல வெச்சிப் பாத்தாதான் நம்புவேன்னுட்டாரு. உன்ன மாதிரி ஆளு. இவரு கோவப்படல. வா, வெச்சிப் பாருன்னு காட்டனாரு. செத்து எழுந்தவரு நெனச்சிருந்தா காயத்த ஆத்திக்க முடியாதா? அப்பிடியே வெச்சிகினு வந்தாரு. ஏன்னா அத்த வெச்சிதான் அவர அடையாளம் தெரியும். காயத்த எடுத்துட்டா வேற யாரோ நிக்கற மாதிரி ஆயிடும்பா. பளபளன்னு, நல்லா, நமக்கு சம்மந்தமே இல்லாம."

தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். "எனக்கு வெரல் போனப்ப ஆஸ்பத்திரில ஒரு சிஸ்டர் சொன்னாங்க, பரலோகத்துல எல்லாம் திரும்ப வரும்னு. வரட்டும். வேணாம்னா சொல்லப் போறேன்? ஆனா அங்க போயி நிக்கும்போது அவரு கையிலயும் ஓட்ட இருக்கும் பாரு, அப்ப எனக்குக் கூச்சமா இருக்காது. அதான் எனக்கு வேண்டியது. இப்ப வெட்டறியா, இல்ல நான் வெட்டட்டா? மூணு வெரலு வெச்சி வெட்டனா கோணலாத்தான் வரும்."

வெட்டினேன். மேலாகப் பூச்சு உடைந்தது, பிறகு மரத்தூள் கட்டியாக வந்தது. உள்ளே பழைய துளையின் ஓரத்தில் உளி பட்டபோது வழுக்கியது. உளியை வைத்துவிட்டு முதல் தடவையாக அந்த ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். துரப்பணம் போட்டுத் துளைத்திருந்தால் மரம் பிய்ந்து சொரசொரப்பாக இருக்கும். இது ஆட்டுக்கல் குழி மாதிரி வழவழவென்று இருந்தது. எத்தனை தலைமுறை விரல்கள் வைத்து வைத்து அப்படி ஆனதோ. அடைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை விரலால் தொட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். மரம் தெரிந்த ஆள் நான். அத்தனை சந்தேகப்பட்டவன் அதை மட்டும் செய்யவில்லை.

சிவப்பு வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். ரத்தம் நின்னுபோச்சு. காயம் மட்டும்தான் கீது."

அதனால் சிவப்பும் வைக்கவில்லை, பூச்சும் கொடுக்கவில்லை. வெறும் மரமாகவே விட்டேன்.

மறுநாள் விடிகாலை எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தாலும் முதல் பஸ் பிடித்துப் போனேன். ஏதாவது குறை சொன்னால் நான் நேரில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். உள்ளே போகக் கூச்சமாக இருந்தது, கதவோரம் நின்றேன். பூசை முடிந்து வெளிச்சம் வந்த நேரத்தில் வரிசை நகர்ந்தது. முதலில் தலைவர். விரலை விட்டு உள்ளே நன்றாகத் துழாவிப் பார்த்தார். முகம் சுளித்தது. போயிற்று என்று நினைத்தேன். அவர் விரலை எடுத்து ஒருமுறை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துச் சுரூபத்தின் பக்கத்தில் நின்ற சவரிமுத்துவின் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படித்தான். விரல் வைப்பார்கள், கண் லேசாகச் சுருங்கும், போவார்கள். எனக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. வரிசை முடிந்ததும் சவரிமுத்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"நீ வெக்கல?"

"நான்தான் நேத்தே உளி வெச்சேனே."

"உளி வேற, விரல் வேற. வா."

விரலை வைத்தேன். வழவழப்பான ஓரத்தைத் தாண்டி மேல்பக்கம் சுருக்கென்று குத்தியது. இழுத்துப் பார்த்தேன். விரல் நுனியில் கடுகளவு ரத்தம். கடைசியாக உளி வழுக்கியபோது மரத்தில் ஒரு சிராய் எழும்பியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. ஊரில் அத்தனை பேர் விரலிலும் அது குத்தியிருக்கிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"அண்ணே, மன்னிச்சிக்குங்க," என்றேன். "சிராய் நிக்குது. பையில உப்புத்தாள் வெச்சிருக்கேன். ரெண்டே தேய்ப்பு, போயிடும்."

சவரிமுத்து தன் விரலைக் காட்டினார். அதிலும் குத்தியிருந்தது. "வுடு," என்றார். "இத்தினி வருசமா வழவழன்னு இருந்துச்சு. வெச்சிட்டு வெச்சிட்டுப் போய்க்கினு இருந்தோம். இன்னிக்குதான் ஒவ்வொருத்தனும் நின்னு பாத்துட்டுப் போறான்."

வேலையில் குறை என்று தெரிந்தும் கையில் உப்புத்தாளை வைத்துக்கொண்டே நான் விட்டுவிட்டு வந்தது அந்த ஒரு சிராயைத்தான்.